வீட்டையே பள்ளியாக்கிக்கொண்ட எங்களை வந்து பாருங்கள்: சபை மூப்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான போதகர்களுக்கும், சபை மூப்பர்களுக்கும், ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும் ஸ்தோத்திரம்.

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்கும் கிறிஸ்தவத் தாய்மார்களில் நானும் ஒருத்தி. ஹோம்ஸ்கூலிங் என்று பலரும் சொல்லும் இந்த வழியை நானும் என் கணவரும் ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று விளக்குவதற்காகவோ, அதற்காக உங்களிடம் வாதாடுவதற்காகவோ இதை எழுதவில்லை. எங்களைப் போன்ற குடும்பங்களைச் சபைகள் பெரும்பாலும் இரண்டில் ஒரு விதமாகவே நடத்தி வருகின்றன. சில சபைகளில் நாங்கள் பிரசங்கத்தில் எடுத்துக்காட்டப்படும் முன்மாதிரிகள். வேறு சில சபைகளில் நாங்கள் பிடிவாதக்காரர்கள், எதையும் கேட்காமல் விட்டுவிடுவதே நல்லது என்று ஒதுக்கப்பட்டவர்கள். புகழ்ந்தாலும் ஒதுக்கினாலும் விளைவு ஒன்றாகவே இருக்கிறது: எங்கள் வீட்டுக்குள் வந்து, பிள்ளைகள் அருகில் உட்கார்ந்து, என்ன நடக்கிறது என்று பார்ப்பவர் யாரும் இல்லை. நீங்கள் வர வேண்டும் என்று கேட்கவே இந்த மடல்.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கும் அளவுக்கு எங்கள் நாட்கள் புனிதமானவையும் அல்ல, விசித்திரமானவையும் அல்ல. காலையில் வேதம் வாசித்து ஜெபித்துவிட்டுப் பாடத்துக்கு உட்காருகிறோம். மூத்தவன் பின்னக் கணக்கில் திணறிக்கொண்டிருக்கும் அதே வேளையில் அடுத்தவளுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க ஒருவர் துணை வேண்டும்; கடைக்குட்டிக்கு அப்போதுதான் தண்ணீரைக் கொட்டத் தோன்றும். சாப்பிடுவதும் எழுதுவதும் குடும்ப ஜெபம் நடப்பதும் ஒரே மேசையில். எனக்குக் காய்ச்சல் வந்தால் பள்ளிக்கே காய்ச்சல். ஆனாலும் இந்த ஒழுங்கின்மைக்குள் பள்ளிக்கூட மணி தர முடியாத ஒரு வசதி இருக்கிறது. விண்மீன்களைப் பற்றிப் படிக்கும் பிள்ளை, தேவன் ஆபிரகாமை எண்ணிப் பார்க்கச் சொன்னது இவற்றைத்தானா என்று நடுவில் கேட்டால், அது வேறு பாடம், அப்புறம் கேள் என்று சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும் வழியில் நடக்கிறபோதும், படுத்துக்கொள்ளுகிறபோதும் எழுந்திருக்கிறபோதும் பிள்ளைகளோடு தேவனுடைய வார்த்தையைக் குறித்துப் பேச வேண்டும் என்கிற உபாகமம் 6-ஆம் அதிகாரத்தின் கட்டளைக்கு இதைவிடப் பொருத்தமான சூழல் வேறு இல்லை என்பது என் எண்ணம். பிள்ளைகள் மற்றவர்களோடு பழகாமல் போய்விடுவார்களே என்ற கவலையை அடிக்கடி கேட்கிறேன். வெவ்வேறு வயதினரோடு நாள் முழுவதும் விட்டுக்கொடுத்து வாழும் பிள்ளைகளைப் பற்றிய என் கவலைகளில் அது கடைசி இடத்தில்தான் இருக்கிறது.

என் கவலை வேறு. பள்ளிக்குப் போகும் பிள்ளையை ஆசிரியர் அநியாயமாகத் திட்டினால், அது வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லி அழும். வீட்டில் ஏதோ சரியில்லை என்றால், ஒரு நல்ல ஆசிரியர் மறுநாள் அதன் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். எங்கள் வீடுகளில் அந்த இருவரும் ஒருவரே. பாடம் நடத்துபவரும், தேர்வு வைப்பவரும், மதிப்பெண் போடுபவரும், தண்டிப்பவரும், இரவில் போர்த்திவிடுபவரும் ஒரே தாயோ தகப்பனோதான். அது மட்டுமல்ல, கர்த்தர் இதை விரும்புகிறார், இதை வெறுக்கிறார் என்று பிள்ளைக்குச் சொல்லுகிறவரும் அவரே. கணக்கில் வந்த பிழை எது, சோம்பல் எது, பாவம் எது என்று கோடு போட்டுப் பிரிக்க வேண்டிய கை, சாயங்காலத்துக்குள் களைத்துப்போன ஒரே கை. இந்த அதிகாரங்கள் எல்லாம் ஒருவரிடம் சேரும்போது அவர் கெட்டவராக இருந்தால்தான் பிள்ளைக்குத் துன்பம் என்பதில்லை. நல்லவராக இருந்தாலும், பிள்ளைக்கு அவரைவிட்டால் முறையிட வேறு ஆள் இல்லை.

இதைப் பொதுப்படையாகச் சொன்னால் புரியாது என்பதால் இரண்டு பழக்கங்களைச் சொல்கிறேன். வீட்டில் கற்பிக்கும் பெற்றோர் கூடிப் பேசும்போது இரண்டையும் பெருமையாகவே சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒன்று, பொய் சொன்ன பிள்ளையை உட்காரவைத்து, பொய்யைக் குறித்த வசனத்தை ஐம்பது முறை எழுதச் சொல்வது. கையெழுத்தும் திருந்தும், வசனமும் மனப்பாடமாகும் என்பது அவர்கள் கணக்கு. வேதத்தைத் தண்டனைக் கருவியாக்கிவிட்ட பிறகு, அதை ஆறுதலுக்காகத் திறந்து பார் என்று அதே பிள்ளையிடம் பத்து வருடம் கழித்து எப்படிச் சொல்வது? மற்றது, குடும்ப ஜெபத்தில் பிள்ளையின் குற்றத்தை அதன் காதில் விழும்படி ஆண்டவரிடம் முறையிடுவது. "இவனுக்குக் கீழ்ப்படிகிற இருதயத்தைத் தாரும்" என்று தகப்பன் கண்ணை மூடிச் சொல்லும்போது, அது ஜெபமல்ல, கண்டிப்பு என்பது அங்கே முழங்கால்படியிட்டிருக்கும் எல்லாருக்கும் தெரியும். நேராகத் திட்டியிருந்தால் பிள்ளை ஒரு வார்த்தை பதில் சொல்லியிருக்கும். ஜெபத்துக்கு எதிர்ப்பேச்சுப் பேச முடியாது. ஆமென் மட்டுமே சொல்ல முடியும்.

பவுல் அப்போஸ்தலன் இந்த ஆபத்தை அறிந்திருந்தார் என்றே நினைக்கிறேன். கர்த்தருக்கேற்ற சிட்சையிலும் போதனையிலும் பிள்ளைகளை வளர்க்கச் சொல்லும் எபேசியர் 6:4-ஐ எங்கள் வீடுகளில் சுவரில் எழுதித் தொங்கவிடுகிறோம். அந்த வசனம் பிள்ளைகளைக் கோபப்படுத்தாதிருங்கள் என்றுதான் தொடங்குகிறது. சிட்சை அதற்குப் பிறகே வருகிறது. கொலோசெயர் 3:21-இல் அதற்குக் காரணத்தையும் சொல்லிவிடுகிறார்: அவர்கள் மனம் திடனற்றுப்போகக் கூடாது. இந்த எச்சரிக்கை பிதாக்களைப் பார்த்துச் சொல்லப்பட்டது என்பதையும், வீட்டுக் கல்வியின் சுமையைப் பெரும்பாலும் தாய்மார்களே சுமக்கிறார்கள் என்பதையும் சேர்த்து யோசிக்கும்படி மூப்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் வட்டாரங்களில் அதிகம் சொல்லப்படும் பெயர், மெத்தடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, சார்லஸ் வெஸ்லி சகோதரர்களின் தாயாகிய சூசன்னா வெஸ்லியுடையது. பத்தொன்பது பிள்ளைகளைப் பெற்று, அவர்களில் பத்துப்பேரை மட்டுமே குழந்தைப் பருவம் தாண்டி வளர்க்கக் கிடைத்த அந்தத் தாய், இங்கிலாந்தின் எப்வொர்த் ஊரில் தம் வீட்டிலேயே காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரையும் பிற்பகல் இரண்டு முதல் ஐந்து வரையும் பள்ளி நடத்தினார். பிள்ளைக்கு ஐந்து வயது முடிந்ததும் ஒரே நாளில் எழுத்துகளைக் கற்பித்து, ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்திலிருந்து வாசிக்க வைத்தார். பெண் பிள்ளை நன்றாக வாசிக்கத் தெரிந்துகொள்ளும் முன் அவளை வீட்டு வேலைக்குப் பழக்கக் கூடாது என்று அந்தக் காலத்திலேயே விதி வைத்திருந்தார். இதையெல்லாம் எங்கள் கூட்டங்களில் மேற்கோள் காட்டுகிறோம். ஒரு வயது ஆனதுமே, சிலருக்கு அதற்கு முன்பே, பிரம்புக்குப் பயந்து மெல்ல அழக் கற்றுக்கொடுத்ததாக 1732-இல் ஜானுக்கு எழுதிய கடிதத்தில் அவரே சொல்லியிருப்பதையும் சிலர் ஆர்வத்தோடு எடுத்துச் சொல்வதுண்டு. அதைப் பின்பற்றத் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. அதே கடிதத்தில், தன் குற்றத்தை உண்மையாய் ஒத்துக்கொண்டு திருந்துவதாகச் சொல்லும் பிள்ளையை அடிப்பதில்லை, ஏனெனில் தண்டனைக்குப் பயந்தே பிள்ளைகள் பொய் சொல்லப் பழகுகிறார்கள் என்றும் எழுதியிருக்கிறார். பின்பற்ற வேண்டுமானால் அதைப் பின்பற்றலாம்.

சூசன்னாவைப் பற்றி நாங்கள் அவ்வளவாகப் பேசாத இரண்டு செய்திகள் உண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரத்தில் ஒரு மாலைப்பொழுதை அவர் தனியே ஒதுக்கி வைத்திருந்தார். அந்த வேளையில் அந்தப் பிள்ளையோடு மட்டும் பேசினார். ஜானுக்கு வியாழக்கிழமை. வளர்ந்து ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தபோது, அந்த வியாழக்கிழமை மாலையின் ஒரு சிறு பகுதியை இன்னும் தமக்காக ஒதுக்க முடியுமா என்று அவர் தாய்க்குக் கடிதம் எழுதிக் கேட்டார். மற்றது, மகன்களை அவர் கடைசிவரை வீட்டிலேயே வைத்துக்கொள்ளவில்லை. 1714-இல், பத்து வயதில், ஜான் அப்போது லண்டனில் இருந்த சார்ட்டர்ஹவுஸ் பள்ளிக்குப் போனார். சார்லஸ் அதற்கு இரண்டாண்டு கழித்து வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளிக்குப் போனார். (மகள்களுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை என்பது வேறு வருத்தம்.) எங்கள் முன்னோடி என்று நாங்கள் சொல்லிக்கொள்ளும் தாய்கூடத் தம் பிள்ளைகளைப் பிறர் கையில் ஒப்படைத்துக் கற்கவைத்தவர்தான். பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் குடும்பங்கள் விசுவாசத்தில் ஒரு படி குறைந்தவர்கள் என்ற எண்ணம் எங்களில் சிலரிடம் இருக்கிறது. அதைத் திருத்தும் பொறுப்பு உங்களுடையது; ஆனால் எங்களைப் பிரசங்கத்தில் புகழும்போது நீங்களே அதற்குத் தீனி போட்டுவிடுகிறீர்கள்.

சபைக்கும் வீட்டுக்கும் நடுவில் பிள்ளையின் படிப்பு யார் பொறுப்பு என்ற கேள்வி பழையது. சபைச் சீர்திருத்தவாதியாகிய மார்ட்டின் லூத்தர் 1529-இல், விசுவாசத்தின் அடிப்படைகளைக் கேள்வி பதிலாகச் சொல்லும் சிறிய ஞானோபதேசத்தை எழுதியபோது, குடும்பத் தலைவர் தம் வீட்டாருக்கு எளிமையாகக் கற்பிக்க வேண்டியது என்றே அதன் பகுதிகளுக்குத் தலைப்பிட்டார். அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன், 1524-இல், ஜெர்மானிய நகரங்களின் மன்றத்தாருக்கு எழுதியபோது அவரே, பெற்றோரில் சிலருக்கு மனமில்லை, பலருக்குத் திறமையில்லை, மற்றவர்களுக்கு நேரமில்லை, ஆகவே பள்ளிகளை நிறுவுங்கள் என்று வற்புறுத்தியிருந்தார். இரண்டையும் முரண்பாடாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. பொறுப்பு பெற்றோருடையது, அவர்களால் மட்டுமே முடியாது. இங்கிலாந்தின் குளூஸ்டர் நகரில் 1780-இல் ராபர்ட் ரெய்க்ஸ் தொடங்கிய ஞாயிறு பள்ளியும், வாரம் முழுவதும் வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்த இடமாகவே தொடங்கியது. எழுத்தறிவும் சபையின் வேலையாக இருந்த காலம் அது. ஆகவே ஒரு மூப்பர் எங்கள் வீட்டு மேசையில் உட்கார்ந்து கணக்கு நோட்டைப் புரட்டுவது அவருடைய ஊழியத்துக்குப் புறம்பான காரியம் ஆகாது.

நாடுகளின் சட்டங்கள் இதில் ஒத்துப்போவதில்லை. அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களிலும் வீட்டுக் கல்விக்கு அனுமதி உண்டு. அவற்றுள் சிலவற்றில் பெற்றோர் யாருக்கும் அறிவிக்கக்கூட வேண்டியதில்லை. ஜெர்மனியில் பள்ளிக்கு அனுப்பியே ஆக வேண்டும். மத நம்பிக்கையைக் காரணம் காட்டி விலக்குக் கேட்ட ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தின் மனுவை ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2006-இல் ஏற்க மறுத்தது. எங்கள் தரப்பில், பிள்ளைகளுக்கு எவ்வகைக் கல்வி என்று தேர்ந்தெடுக்கும் முன்னுரிமை பெற்றோருக்கே உண்டு என்று சொல்லும் 1948-ஆம் ஆண்டின் உலக மனித உரிமைகள் பிரகடனத்தின் 26-ஆவது பிரிவை விடாமல் சுட்டிக்காட்டுகிறோம். ஆனால் 1989-ஆம் ஆண்டின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில், தன்னைப் பற்றிய காரியங்களில் தன் கருத்தைச் சொல்லப் பிள்ளைக்கு உரிமை உண்டு என்ற 12-ஆவது பிரிவையும், பிள்ளையின் மனச்சாட்சிக்கும் மதத்துக்கும் உள்ள சுதந்திரத்தை மதித்து, அதன் வளரும் திறனுக்கு ஏற்பவே பெற்றோர் வழிநடத்த வேண்டும் என்ற 14-ஆவது பிரிவையும் எங்களில் யாரும் வாசித்துக் காட்டி நான் கேட்டதில்லை. சட்டம் எதையும் கேட்காத இடங்களில், எங்கள் பிள்ளைகளை வாரந்தோறும் நேரில் காணும் வெளியாட்கள் நீங்கள் மட்டுமாகவே இருக்கக்கூடும். அப்படியிருக்க, எங்களை நம்புகிறோம் என்று சொல்லி நீங்கள் விலகி நிற்பதை மரியாதை என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

விசுவாசத்தைப் பற்றிய கேள்விகளில்தான் உங்கள் உதவி எனக்கு மிக அதிகமாக வேண்டும். நாங்கள் கற்பிக்கும் பிள்ளைகள் வசனம் சொல்வதில் கெட்டிக்காரர்கள். வினாவிடையில் பரிசு வாங்கிவிடுவார்கள். அந்தப் பதில்கள் அவர்களுடையவையா, எங்களுடையவையா என்பது எங்களுக்கே தெரியாது, ஏனென்றால் கேள்வியும் எங்களிடமிருந்து வருகிறது, பதிலும் எங்களிடமிருந்து போகிறது. ஜெபம் செய்தால் யாராவது கேட்கிறார்களா என்று ஒரு பிள்ளை தன் மனதுக்குள் கேட்டுக்கொண்டால், அதை அம்மாவிடம் சொல்வது எளிதல்ல. அந்தக் கேள்வி தன் பள்ளியையும், தாயின் உழைப்பையும், வீட்டின் மொத்த ஏற்பாட்டையும் கேள்வி கேட்பதாகிவிடும் என்று அதற்குத் தெரியும். அதனால் வாயை மூடிக்கொள்ளும். நாங்களோ அந்த மௌனத்தைப் பக்தி என்று நினைத்துக்கொள்வோம்.

அன்னாள் தன் பிள்ளையாகிய சாமுவேலை ஆசாரியனாகிய ஏலியினிடத்தில் விட்ட சரித்திரத்தை இந்த நோக்கத்தோடு மறுபடியும் வாசித்துப் பாருங்கள். இரவில் தன் பெயர் கூப்பிடப்படுவதைக் கேட்ட சாமுவேல் மூன்று முறை ஏலியிடம் ஓடினான். ஏலி, கர்த்தர் என்ன சொல்லியிருப்பார் என்று தானே ஊகித்துப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. போய்ப் படுத்துக்கொள், இனிக் கூப்பிட்டால் இப்படிப் பதில் சொல் என்று அனுப்பிவிட்டான். மறுநாள் பிள்ளை கொண்டுவந்த செய்தி ஏலியின் வீட்டுக்கே விரோதமானது. அதையும் மறைக்காமல் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டான். தன் சொந்தக் குமாரரை அடக்கத் தவறிய மனிதன் அவன். இன்னொருவருடைய பிள்ளைக்கு அவனால் இதைச் செய்ய முடிந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு மூத்தவர் வேண்டும்: அவர்கள் சொல்வதை உடனே எங்களிடம் ஒப்பிக்காதவர், அதிர்ச்சியடையாதவர், பதிலை அவசரப்பட்டுத் திணிக்காதவர். அவர் போதகராக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு செவிலியரோ, மின்பணியாளரோ, கணக்காளரோ, தம் தொழிலில் ஒன்றைப் பிள்ளைக்குக் கற்றுத்தரும் சாக்கில் பழகினாலும் போதும். பிள்ளைகளைப் பாதுகாக்கும் ஒழுங்குகளை விட்டுவிடாமல், கதவு திறந்திருக்கும் அறையில், மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியும்படி அது நடக்கட்டும்.

ஞானஸ்நானத்துக்கோ திடப்படுத்தலுக்கோ எங்கள் பிள்ளைகள் வரும்போது, "நல்லாத் தயார்ப்படுத்தியிருக்கிறோம் ஐயா" என்று பெற்றோர் சொல்வதைச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளையிடமே பேசுங்கள்; இன்னும் கொஞ்சம் காலம் வேண்டும் என்று அது சொன்னால், அதை வீட்டுக்கு நேர்ந்த அவமானமாக ஆக்கிவிடாதபடி எங்களுக்கும் புத்தி சொல்லுங்கள். அப்படியே, பதின்மூன்று பதினாலு வயதில் ஒரு பிள்ளை பள்ளிக்குப் போக விரும்புகிறேன் என்று சொன்னால், உலகத்தின்மேல் ஆசை வந்துவிட்டது என்ற பேச்சு சபையில் எழ விடாதீர்கள். சில பாடங்களில் எங்கள் அறிவு அந்த வயதோடு தீர்ந்துபோகிறது; பிள்ளைக்கு அது எங்களுக்கு முன்னே தெரிந்துவிடுகிறது.

கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். வீட்டுக் கல்வி என்ற பெயரில் எந்தக் கல்வியும் நடக்காத வீடுகள் இருக்கின்றன. பிள்ளைகள் அடிபடும் வீடுகளும், அதைவிடக் கேடானவை நடக்கும் வீடுகளும் இருக்கின்றன. அந்த வீட்டாரும் பாடல் பாடுகிறார்கள், காணிக்கை கொடுக்கிறார்கள். அப்படி ஒரு அடையாளத்தைக் கண்டால், குடும்ப விஷயம் என்றோ, சபையின் பெயர் கெடும் என்றோ, உள்ளேயே பேசி முடிக்கப் பார்க்காதீர்கள். நாட்டின் சட்டப்படி அறிவிக்க வேண்டியவர்களிடம் அறிவியுங்கள். எங்களில் சிலர், அரசாங்கம் நம் வீடுகளுக்குள் நுழைய இது வழியாகிவிடும் என்று உங்களைத் தடுப்பார்கள். அந்தப் பயத்தை நான் அறிவேன். அடிபடும் பிள்ளைக்கு முன்னால் அதற்கு இடமில்லை.

இவ்வளவும் கேட்டுவிட்டு, தாய்மார்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. வீட்டில் கற்பிக்கும் தாய் சோர்ந்துபோனால் அதைச் சொல்ல இடமில்லாமல் தவிக்கிறாள். சொன்னால், அப்படியானால் பள்ளிக்கு அனுப்பிவிடு என்ற பதில் ஒரு பக்கத்திலிருந்தும், ஆண்டவர் பெலன் தருவார் என்ற பதில் மறுபக்கத்திலிருந்தும் வருகிறது. இரண்டும் பேச்சை முடித்துவிடுகின்றன. வாரத்தில் ஒரு முற்பகல் யாராவது வந்து இரண்டாவது பிள்ளைக்கு வாசிக்கத் துணை நின்றால் அவளுக்கு அது பெரிய காரியம். நோட்டைச் சோதிக்க வருகிறவர்களும் அப்படி ஒரு கையோடு வந்தால், நாங்கள் உங்களைக் கண்காணிப்பாளர்களாக நினைத்து மிரள மாட்டோம்.

அடுத்த மூப்பர் கூட்டத்தில் இதைப் பேச எடுத்துக்கொள்வீர்களானால், முதல் வீடாக எங்கள் வீட்டையே குறித்துக்கொள்ளலாம். விருந்துக்கு வருவதுபோல் மாலையில் வராமல், பாடம் நடக்கும் முற்பகலில் இருவராக வாருங்கள். வீடு ஒழுங்காக இருக்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. எங்கள் பிள்ளைகள் அன்று வாசித்த பகுதியைத் தங்கள் சொந்த வார்த்தைகளில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். வேதத்தில் அவர்களுக்குப் பிடிக்காதது என்ன, புரியாதது என்ன என்றும் கேளுங்கள். அவர்கள் தயங்கும்போது நான் குறுக்கிட்டுப் பதில் சொல்ல ஆரம்பித்தால், என்னை அடுக்களைக்குப் போகச் சொல்லிவிடுங்கள்.

கிறிஸ்துவுக்குள்,
வீட்டில் கற்பிக்கும் ஒரு தாய்